‘கனவுல ஆண்டவர் சொன்னார்...’ நம்பலாமா? 1,600 ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா சொன்ன பதில்

மகனுக்கு வயது முப்பது. சொந்த ஊரை விட்டு வந்து பெரிய நகரத்தில் செட்டில் ஆகிவிட்டார். நல்ல வேலை, அரசுச் சம்பளம், பெரிய இடத்துப் பழக்கம். பின்னாலேயே அம்மாவும் வந்து சேர்ந்தார். வந்ததும் எடுத்த பேச்சு கல்யாணம்தான். பெண் தேடல் மும்முரமாக நடக்கிறது. அந்த நேரத்தில் மகனே அம்மாவிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: இந்தக் கல்யாண விஷயத்தில் என்ன நடக்கப்போகிறது என்று கடவுளிடம் கேளுங்கள், கனவில் ஏதாவது காட்டச் சொல்லுங்கள்.

அம்மா தினமும் ஜெபித்தார். கனவுகளும் வந்தன. அவற்றை மகனிடம் சொல்லவும் செய்தார். ஆனால் வழக்கமான உறுதி அவர் பேச்சில் இல்லை. இதெல்லாம் என் மனசு போட்டு உழப்பியதில் வந்தவை, கடவுள் காட்டியது இல்லை என்று அவரே தள்ளிவிட்டார்.

ஏதோ தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வந்த குடும்பத்தின் கதை மாதிரி இருக்கிறதா? நடந்தது இத்தாலியின் மிலான் நகரில், கி.பி. 385 வாக்கில். அம்மாவின் பெயர் மோனிக்கா. மகன், பிற்காலத்தில் கிறிஸ்தவச் சிந்தனையையே திருப்பிப்போட்ட அகஸ்டின். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு புனித அகுஸ்தினார். 2025 மே மாதம் தேர்வான போப் பதினான்காம் லியோ, பால்கனியில் நின்று பேசிய முதல் உரையிலேயே தன்னை இவருடைய மகன் என்று சொல்லிக்கொண்டார். அந்த அகஸ்டின்தான்.

கனவு விஷயத்தில் மோனிக்கா அன்று செய்ததை இன்றைக்கு எத்தனை பேர் செய்வார்கள்?

“உனக்காக ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்மா. ஒரு சொப்பனம் பார்த்தேன். அந்த வேலைக்குப் போகாதே.” ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வாய்ஸ் நோட் வந்தால் என்ன செய்வது? மறுத்தால் சொன்ன ஆன்ட்டியை மறுத்த மாதிரி இருக்காது, ஆண்டவரையே மறுத்த மாதிரி இருக்கும். ஏற்றுக்கொண்டால் கையில் இருக்கும் ஆஃபர் லெட்டர் போய்விடும். கல்யாணம், வேலை, வெளிநாடு, ஊழியம் என்று வாழ்க்கையின் பெரிய முடிவுகள் பலவற்றில் இந்தச் சிக்கல் வருகிறது. கனவைக் கேலி செய்து ஒதுக்குவது எளிது. ஆனால் பைபிளைக் கையில் வைத்திருக்கும் ஒருவரால் அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

மத்தேயுவில் மட்டும் ஆறு

காரணம், பைபிளில் கனவுகள் நிறைய. தமிழில் பழைய மொழிபெயர்ப்பைப் படிப்பவர்களுக்கு அது ‘சொப்பனம்’. கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் ‘கனவு’. தலைமாட்டில் கல்லை வைத்துத் தூங்கிய யாக்கோபு வானத்துக்கு எட்டும் ஏணியைப் பார்த்தார். பார்வோனின் கனவுக்கு அர்த்தம் சொல்லி எகிப்தைப் பஞ்சத்திலிருந்து காப்பாற்றினார் அவர் மகன் யோசேப்பு. சாலமோன் ஞானம் கேட்டது கனவில்தான். தானியேல் கதை சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கே தெரியும்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் ஒரு சுவாரஸ்யம். கனவு என்று நேரடியாகக் குறிக்கும் ‘ஓனார்’ என்ற கிரேக்கச் சொல் அதில் மொத்தம் ஆறே இடங்களில்தான் வருகிறது. ஆறும் மத்தேயு நற்செய்தியில். அதில் நான்கு, மரியாளின் கணவர் யோசேப்புக்கு வந்தவை. ஒன்று கிழக்கிலிருந்து வந்த ஞானிகளுக்கு. கடைசி ஒன்று பிலாத்துவின் மனைவிக்கு. அந்த நீதிமானின் விஷயத்தில் தலையிடாதே என்று அவர் ஆள் அனுப்பிச் சொன்னார். பிலாத்து கேட்கவில்லை என்பது தெரிந்த கதை.

நான்கு கனவு கண்ட யோசேப்பு, நற்செய்திகள் முழுவதிலும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. எழுந்திருக்கிறார், கிளம்புகிறார், அவ்வளவுதான். கொஞ்சம் உன்னிப்பாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும். முதல் கனவு வருவது, மரியாளை என்ன செய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது. கடைசிக் கனவு வருவது, யூதேயாவில் அர்கெலாயு ஆட்சிக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, அங்கே போக அவர் ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும்போது. ஆக, கனவு அவருடைய யோசனையை நிறுத்தவில்லை. யோசித்துக்கொண்டிருந்த ஆளுக்குத்தான் அது வந்தது. அந்தக் கனவுகள் அவரிடம் கேட்டதும் அவர் செய்யவேண்டிய வேலையைத்தான்: ஏற்றுக்கொள், எழுந்து போ, திரும்பி வா, பாதையை மாற்று.

மறைந்த போப் பிரான்சிஸுக்கு இந்த யோசேப்பை ரொம்பப் பிடிக்கும். தூங்கும் யோசேப்பின் சிலை ஒன்று தன் மேஜையில் இருப்பதாகவும், பிரச்சினை வந்தால் ஒரு சீட்டில் எழுதி அந்தச் சிலைக்கு அடியில் வைப்பதாகவும் 2015 ஜனவரியில் மணிலாவில் குடும்பங்களிடையே பேசும்போது சொன்னார். இலங்கைப் பயணத்தை முடித்த கையோடு அங்கே போயிருந்தார். அதற்குப் பிறகு அந்தச் சிலை பல நாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் இடம்பிடித்தது. சிலை வாங்கியவர்களில் எத்தனை பேர் அதே உரையில் அவர் சேர்த்துச் சொன்னதைக் கவனித்தார்கள் என்பது வேறு விஷயம். ஓய்வெடுத்தால் மட்டும் போதாது, எழுந்து செயல்படவும் வேண்டும் என்றார் அவர்.

இதே பைபிளில் மறுபக்கமும் இருக்கிறது. கனவு காண்கிறவன் சொன்ன அடையாளம் பலித்தாலும்கூட, அவன் வேறு தெய்வத்தின் பக்கம் இழுத்தால் கேட்காதே என்கிறது உபாகமம் 13. கனவு கண்டேன் கனவு கண்டேன் என்று சொல்லி மக்களை ஏமாற்றும் தீர்க்கதரிசிகளை எரேமியா 23-ம் அதிகாரம் போட்டுத் தாக்குகிறது. கத்தோலிக்க பைபிளில் உள்ள சீராக் நூலின் 34-ம் அதிகாரம் இன்னும் நேரடி. கனவை நம்பிப் போகிறவன் நிழலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி என்ற பொருளில் சொல்லிவிட்டு, உன்னதமானவர் அனுப்பியதாக இருந்தால் ஒழிய அதில் மனதை வைக்காதே என்கிறது.

அந்த ‘ஒழிய’ என்ற ஒற்றைச் சொல்லில்தான் 2,000 ஆண்டுகளாகச் சிக்கல். அனுப்பியது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு மரப்பலகை, ஒரு மடக்கல் பதில்

மோனிக்காவைத் திரும்பப் பார்ப்போம். அவர் கனவையே நம்பாதவர் அல்ல. மிலானுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இன்றைய அல்ஜீரியா பகுதியில் இருந்த சொந்த ஊரில், ஒரு கனவை உயிரைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டவர்.

அப்போது அகஸ்டினுக்கு இருபது வயதை ஒட்டி இருக்கும். கார்த்தேஜில் படித்தபோது மானிக்கேயம் என்ற மதப்பிரிவில் சேர்ந்துவிட்டார். வீட்டில் பெரிய ரகளை. அம்மா அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடக்கூட மறுத்தார். அந்த நாட்களில் வந்தது கனவு. மோனிக்கா ஒரு மரப்பலகை மேல் நிற்கிறார். ஒளிமிகுந்த ஓர் இளைஞர் சிரித்த முகத்தோடு வந்து, ஏன் அழுகிறாய் என்று கேட்கிறார். மகன் அழிந்துபோகிறானே என்கிறார் அம்மா. கவலைப்படாதே, பார், நீ இருக்கும் இடத்தில் அவனும் இருக்கிறான் என்று பதில் வருகிறது. திரும்பிப் பார்த்தால் அதே பலகையில் பக்கத்திலேயே மகன்.

இதைக் கேட்டதும் அகஸ்டின் சும்மா இருப்பாரா? பேச்சுக்கலை படித்த ஆள். அதற்கு அர்த்தம், நீங்கள் ஒருநாள் என் பக்கம் வந்துவிடுவீர்கள் என்பதுதான் என்று திருப்பிவிட்டார். மோனிக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவன் இருக்கும் இடத்தில் நீ இருப்பாய் என்று சொல்லவில்லை, நீ இருக்கும் இடத்தில் அவன் இருப்பான் என்றுதான் சொன்னார்கள் என்று மடக்கினார். அந்தக் கனவைவிட, அம்மா தடுமாறாமல் சொன்ன அந்தப் பதில்தான் தன்னை அதிகம் அசைத்தது என்று ‘கன்ஃபெஷன்ஸ்’ என்ற தன்வரலாற்று நூலில் அகஸ்டின் எழுதுகிறார்.

கனவு பலித்ததா? பலித்தது. ஆனால் உடனே இல்லை. அகஸ்டின் கணக்குப்படி அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அவர் அதே பாதையில்தான் போனார். 387 ஈஸ்டரில் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் மோனிக்கா, கனவு வந்துவிட்டது, இனி நடக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கடல் கடந்து மகன் பின்னால் போனார். ஓர் ஆயரைப் பிடித்து, என் பிள்ளையிடம் பேசுங்கள் என்று அழுது நச்சரித்தார். இப்போது பேசினால் எடுபடாது, விடுங்கள் என்று அவர் சலித்துக்கொள்ளும் அளவுக்கு. மேஜையில் மகனுக்கு மறுபடியும் இடம் கொடுத்ததுதான் அந்தக் கனவால் உடனடியாக நடந்த ஒரே மாற்றம்.

இப்படிப்பட்ட அனுபவம் உள்ள ஒரு பெண்தான், மிலானில் கல்யாணத்துக்காகக் கேட்டு வந்த கனவுகளைத் தூக்கி ஓரமாக வைத்தார். எப்படிப் பிரித்தார்? வார்த்தையில் விளக்கமுடியாத ஏதோ ஒரு ‘சுவை’ உண்டு, அதை வைத்து கடவுள் காட்டுவது எது, என் மனம் தானாகக் காண்பது எது என்று தெரிந்துவிடும் என்று அவர் சொன்னதாக மகன் பதிவுசெய்திருக்கிறார். அளவுகோலாக இது ரொம்ப மங்கல்தான். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. அந்தச் சம்பந்தத்தை முடிக்க வேண்டும் என்று மிக ஆசைப்பட்டவரே மோனிக்காதான். ‘ஆமாம், ஆண்டவர் காட்டிவிட்டார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகன் நம்பியிருப்பார். அவர் சொல்லவில்லை. தன் ஆசைக்கு ஆண்டவர் பெயரில் முத்திரை குத்தவில்லை.

இதைச் சொல்லும்போது அந்தக் கதையின் கசப்பான பகுதியை மறைக்கக் கூடாது. கனவில் பதில் வராவிட்டாலும் சம்பந்தம் பேசப்பட்டது. பெண் சட்டப்படியான திருமண வயதுக்கே இரண்டு வயது குறைவு. அன்றைய ரோமச் சட்டத்தில் அந்த வயது 12. ஆக பத்து வயதுச் சிறுமி. அகஸ்டினோடு பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து, அவருக்கு ஒரு மகனையும் பெற்றுத்தந்த பெண், இந்தக் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மகனை விட்டுவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூட அகஸ்டின் எங்கும் எழுதவில்லை. அவருக்கு என்ன கனவு வந்தது என்று யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. கடைசியில் அந்தக் கல்யாணமும் நடக்கவில்லை.

சிறையில் ஓர் ஏணி

கனவைக் கேட்டு வாங்கும் பழக்கம் வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களிடம் மோனிக்காவுக்கு முன்பே உண்டு. கி.பி. 203-ல் கார்த்தேஜ் சிறையில் பெர்பெத்துவா என்ற 22 வயதுப் பெண் இருந்தார். கையில் பால்குடிக் குழந்தை. குற்றம், கிறிஸ்தவராக ஆனது. விடுதலையா தண்டனையா என்று கடவுளிடம் கேட்டுச் சொல் என்று அவர் சகோதரர் கேட்கிறார். நாளைக்குச் சொல்கிறேன் என்று நம்பிக்கையோடு பதில் சொல்கிறார் பெர்பெத்துவா.

அன்று கண்டது வானத்தை எட்டும் ஒரு வெண்கல ஏணி. ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய அளவுக்குக் குறுகல். இருபுறமும் வாள், ஈட்டி, கொக்கிகள். கீழே ஒரு பெரிய பாம்பு. அதன் தலையையே முதல் படியாக மிதித்து ஏறுகிறார். மேலே ஒரு தோட்டம், ஆடு கறக்கும் வயதான மேய்ப்பர். அவர் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டு, விழித்தபோதும் வாயில் இனிப்பு. சகோதரரிடம் சொன்னதும் இருவருக்கும் புரிந்துவிட்டது: விடுதலை இல்லை. மார்ச் 7 அன்று அரங்கில் கொல்லப்பட்டார். இதையெல்லாம் அவரே எழுதிவைத்த சிறைக்குறிப்பு இன்றும் இருக்கிறது. பழங்காலத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண் தன் கையால் எழுதியவை என்று நமக்குக் கிடைப்பவை மிகக் குறைவு. அதில் இது முதன்மையானது. இவருடைய நினைவுநாளில் அகஸ்டினே பிரசங்கம் செய்திருக்கிறார்.

பெர்பெத்துவாவின் கனவு அவருக்கு எந்த லாபத்தையும் வாக்களிக்கவில்லை. மற்றவர்களுக்கு எந்த உத்தரவும் போடவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம். வேலை கிடைக்கும், எதிரி விழுவான், இன்னாரைக் கல்யாணம் செய் என்று சொல்லும் கனவுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வயிறும் ஒரு காரணம்

பிற்காலத்தில் திருச்சபைத் தலைவர்கள் கனவுக்கு ஒரு வகைப்பாடே போட்டார்கள். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் முதலாம் கிரகோரி எழுதிய ‘டயலாக்ஸ்’ நூலில் ஆறு காரணங்கள் வருகின்றன. வயிறு நிறைந்திருப்பது, வயிறு காலியாக இருப்பது, தீய சக்தியின் மாயை, நம் யோசனையும் மாயையும் கலந்தது, கடவுளின் வெளிப்பாடு, நம் யோசனையும் வெளிப்பாடும் கலந்தது. ஆறில் முதல் இரண்டு வயிறு சம்பந்தப்பட்டவை! ராத்திரி 11 மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் படுப்பவர்கள் கவனிக்கலாம்.

அவர் சொல்லும் ஒரு கதை உண்டு. கனவுகளை ரொம்ப நம்பிய ஒருவருக்கு, நீ நீண்டகாலம் வாழ்வாய் என்று கனவில் உறுதி கிடைத்தது. அவ்வளவு காலத்துக்கும் செலவுக்கு வேண்டுமே என்று பணத்தைச் சேர்த்துக் குவித்தார். திடீரென்று செத்துப்போனார். பணம் அப்படியே இருந்தது. இத்தனை வகை கலந்து கிடப்பதால், எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எளிதில் நம்பாதீர்கள் என்பதுதான் போப்பின் அறிவுரை.

அறிவியல் இதில் எங்கே வருகிறது? 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் இருவரும், தூக்கத்தில் கண்விழிகள் வேகமாக அசையும் கட்டத்தைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ‘ரெம்’ தூக்கம் என்று இப்போது எல்லோரும் சொல்வது அதைத்தான். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் தெளிவான கனவைச் சொல்பவர்கள் அதிகம். இரவின் கடைசிப் பகுதியில், அதாவது விடியற்காலையில், ரெம் நேரம் நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம்மூரில் சொல்வதற்குப் பின்னால், அந்த நேரத்துக் கனவுதான் நன்றாக ஞாபகம் இருக்கும் என்ற எளிய காரணமும் இருக்கலாம். காய்ச்சல், சில மாத்திரைகள், தூக்கமின்மை, மனஅழுத்தம் எல்லாம் கனவைக் கலங்கடிக்கும். விபத்து, வன்முறை போன்ற அதிர்ச்சிக்குப் பிறகு அதே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், அது செய்தி என்று அர்த்தம் தேடுவதைவிட மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஜெபமும் செய்யலாம், டாக்டரையும் பார்க்கலாம். இரண்டுக்கும் சண்டை இல்லை.

மூளை இப்படி இயங்குகிறது என்று தெரிந்துவிட்டதால், கடவுள் அதைப் பயன்படுத்தமாட்டார் என்று ஆகிவிடுமா? அது ஆய்வகம் பதில் சொல்லும் கேள்வி இல்லை. தாமஸ் அக்வினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே உடல்நிலை, அன்றாட எண்ணங்கள், வெளிச்சூழல் இவையும் கனவுக்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டுதான், கடவுளையும் பட்டியலில் வைத்தார்.

வேண்டாம் சாமி என்ற லூதர்

எல்லாரும் மோனிக்கா மாதிரி நிதானமாக இல்லை. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், நியாயத்தீர்ப்பு முன் நிறுத்தப்படுவதாகக் கனவு கண்டார். நீ கிறிஸ்தவன் இல்லை, ரோம எழுத்தாளர் சிசரோவின் ஆள் என்று குற்றச்சாட்டு, கூடவே சாட்டையடி. விழித்தபோது தோளில் தழும்பே இருந்தது என்று 384-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். இனி அந்தப் புத்தகங்களைத் தொடமாட்டேன் என்று கனவிலேயே சத்தியமும் செய்தார். பல வருடம் கழித்து, சத்தியத்தை மீறிவிட்டாயே என்று பழைய நண்பர் ரூஃபினஸ் குத்திக்காட்டியபோது, கனவில் செய்த சத்தியத்துக்கெல்லாம் கணக்குக் கேட்பதா என்று அதே ஜெரோம் சீறினார். தனக்குச் சாதகமாக இருந்தபோது தரிசனம், பாதகமானதும் வெறும் கனவு. மனித சுபாவம் அன்றும் இதேதான்.

மார்ட்டின் லூதர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். கனவோ தரிசனமோ தேவதூதரோ எனக்கு அனுப்ப வேண்டாம், வேதவசனம் போதும் என்று ஆண்டவரோடு ஒப்பந்தமே செய்துகொண்டதாகச் சொன்னார். பெந்தெகொஸ்தே சபைகள் இதற்கு நேரெதிர். முதியவர்கள் கனவு காண்பார்கள், வாலிபர் தரிசனம் காண்பார்கள் என்ற யோவேலின் வாக்கை, அப்போஸ்தலர் நடபடிகள் 2-ல் பேதுரு எடுத்துச் சொன்னதை, அவர்கள் இன்றைக்கும் நடப்பதாகவே பார்க்கிறார்கள்.

உனக்காக நான் கண்ட கனவு

உண்மையான ஆபத்து எங்கே தொடங்குகிறது? ஒருவர் தன் கனவை வைத்துத் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்வதில் இல்லை. இன்னொருவர் வாழ்க்கையை மாற்றச் சொல்லும்போதுதான். அதுவும் சொல்பவர் பாஸ்டர், ஃபாதர், ஜெபக்குழு லீடர், பெரியம்மா என்று மேலிடத்தில் இருந்தால், கேட்பவருக்குத் தப்பிக்க வழியில்லை. கனவுக்குச் சாட்சி கிடையாது. குறுக்கு விசாரணை செய்ய முடியாது. காசு கொடு, இவரைக் கல்யாணம் பண்ணு, வீட்டில் சொல்லாதே என்று முடியும் கனவாக இருந்தால், உடனே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும்.

‘ஆண்டவர் சொன்னதை நீங்கள் எப்படிக் கேள்வி கேட்கலாம்’ என்று மிரட்டுபவர்களுக்கு பைபிளிலேயே பதில் இருக்கிறது. தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் பேசட்டும், மற்றவர்கள் அதை நிதானிக்கட்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29-ன் சாரம். எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்பது 1 தெசலோனிக்கேயர் 5:21. ஆக, பெந்தெகொஸ்தே சபையிலும் கேள்வி கேட்பது கலகம் இல்லை, கட்டளை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தனிநபர் வெளிப்பாடுகள் விசுவாசத்தின் அடிப்படையில் எதையும் கூட்டுவதில்லை, உள்ளதை வாழ உதவினால் சரி என்கிறது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா. 1521-ல் பாம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அவருக்கு வந்தவை பகல் கனவுகள். ஒரு சீமாட்டியைக் கவர்ந்து வீரதீரம் காட்டுவது மாதிரி ஒரு வகை. புனிதர்களைப் போலக் கால்நடையாக எருசலேம் போவது மாதிரி இன்னொரு வகை. இரண்டுமே அந்த நேரத்துக்கு இனிப்பாகத்தான் இருந்தன. ஆனால் முதல் வகை முடிந்ததும் மனம் வறண்டுபோனது. இரண்டாவது முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியது. மோனிக்கா ‘சுவை’ என்று சொன்னதற்கு இவர் நேரத்தைச் சேர்த்துவிட்டார்: உடனே பார்க்காதே, கொஞ்ச நாள் கழித்து மனதில் என்ன மிஞ்சுகிறது என்று பார். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப்போட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றால் இது கஷ்டம்தான். ஆனாலும் அவசரப்படுத்தும் கனவைவிட, காத்திருக்க விடும் கனவு பாதுகாப்பானது.

பாட்டி சொன்னது

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒரு கனவும் உண்டு. இத்தாலியின் பெக்கி கிராமத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஜான் போஸ்கோ கண்டது. பையன்கள் கூட்டமாகக் கெட்ட வார்த்தை பேசிச் சண்டை போடுகிறார்கள். இவன் பாய்ந்து அடிக்கிறான். ஒளிமிக்க ஒருவர் தோன்றி, அடியால் அல்ல, அன்பால்தான் இவர்களை வெல்ல வேண்டும் என்கிறார். ஒரு பெண்மணியும் வருகிறார். காட்டு விலங்குகள் ஆட்டுக்குட்டிகளாகின்றன. சிறுவனுக்கு ஒன்றும் புரியவில்லை. காலம் வரும்போது புரியும் என்கிறார் அந்தப் பெண்மணி.

காலையில் வீட்டில் சொன்னதும் ஆளுக்கொரு வியாக்கியானம். நீ ஆடு மேய்ப்பாய் என்றார் ஓர் அண்ணன். கொள்ளைக்கூட்டத் தலைவன் ஆவாய் என்றார் இன்னொருவர். பாதிரியார் ஆவாயோ என்னவோ என்றார் அம்மா. எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிதான் விஷயத்தை முடித்துவைத்தார்: கனவையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது. பாட்டி சொன்னதுதான் சரி என்று தனக்கும் தோன்றியது, ஆனாலும் அந்தக் கனவை மனதிலிருந்து எடுக்க முடியவில்லை என்று பிற்காலத்தில் டான் போஸ்கோ எழுதினார்.

அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். இந்தியாவில் அவர்களுடைய முதல் இடம் அதுதான். இன்று டான் போஸ்கோ என்ற பெயரைத் தாங்கிய பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்தக் கனவு சுவரோவியமாகவாவது பரிச்சயமாகியிருக்கும். அதன் அர்த்தம் அவருக்கே எப்போது விளங்கியது தெரியுமா? 1887 மே மாதம், ரோமில் புதிதாகக் கட்டி முடித்த ஆலயத்தில் திருப்பலி செய்யும்போது திரும்பத் திரும்ப அழுதார். கேட்டபோது, இப்போதுதான் எல்லாம் புரிந்தது என்றார். அடுத்த ஜனவரியில் இறந்துவிட்டார். ஒரு கனவைப் புரிந்துகொள்ள அறுபது ஆண்டுகளுக்கும் மேல்.

அம்மா ஏன் வரவில்லை?

இளைஞர்கள் பலர் வெளியில் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி உண்டு. கெட்ட கனவு வந்தால் பாவமா? அகஸ்டினுக்கும் இதே குழப்பம் இருந்தது. ஆயரான பிறகும் பழைய காமக் காட்சிகள் தூக்கத்தில் வருகின்றன என்று ‘கன்ஃபெஷன்ஸ்’ பத்தாம் நூலில் ஒளிக்காமல் எழுதினார். தூங்கும்போது நான் நானாக இல்லையா என்று கேட்டார். விழித்ததும் மனசாட்சி அமைதியாவதை வைத்து, அது நான் செய்தது இல்லை, எனக்குள் நடந்தது என்று பிரித்துக்கொண்டார். தூக்கத்தில் நடப்பது தன்னளவில் பாவம் இல்லை என்று அக்வினாஸும் பின்னால் தெளிவாகச் சொன்னார்.

இன்னொரு கேள்வி, இறந்தவர்கள் கனவில் வருவது. அப்பா வந்தார், எதுவும் பேசவில்லை, முகம் வாடியிருந்தது என்று நாள் முழுக்கக் கலங்குகிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. அறுபதைக் கடந்த வயதில், நோலா நகர ஆயர் பவுலினஸ் கேட்ட ஒரு சந்தேகத்துக்குப் பதிலாக எழுதிய சிறு நூலில் அகஸ்டின் இதைத் தொட்டார். மிலானில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். இறந்த தந்தை ஏற்கெனவே அடைத்த கடனை மறுபடியும் கேட்டு ஒருவர் மகனை நெருக்க, தந்தை கனவில் வந்து ரசீது இருக்கும் இடத்தைக் காட்டினாராம். ரசீது கிடைத்தது. அப்படியானால் இறந்தவர் நிஜமாகவே வந்தாரா?

அவசரப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தன் மாணவர் யூலோஜியஸ் கதைக்குப் போகிறார். கார்த்தேஜில் பேச்சுக்கலை ஆசிரியர். மறுநாள் வகுப்பில் நடத்தவேண்டிய சிசரோ பாடத்தில் ஒரு வரி புரியாமல் கவலையோடு தூங்கினார். கனவில் அகஸ்டின் வந்து விளக்கினார். அப்போது உயிரோடு இருந்த அகஸ்டினோ கடலுக்கு அப்பால் மிலானில் இருந்தார், தூங்கிக்கொண்டோ வேறு வேலை பார்த்துக்கொண்டோ. யூலோஜியஸின் கவலை பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது. எனக்கே தெரியாமல் நான் ஒருவர் கனவில் போனேன் என்றால், இறந்தவர்களும் தங்களுக்கே தெரியாமல் நம் கனவில் தோன்றலாம் அல்லவா என்று கேட்கிறார்.

பிறகு அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் சொந்த அம்மா. மோனிக்கா 387-ல், மகன் ஞானஸ்நானம் பெற்ற அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில் ஆஸ்தியா துறைமுகத்தில் இறந்துவிட்டார். அகஸ்டின் இதை எழுதும்போது முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. இறந்தவர்கள் நம் விஷயங்களில் தலையிட முடியும், கனவில் நாம் காண்பது உண்மையிலேயே அவர்கள்தான் என்றால், என் அம்மா ஒரு இரவுகூட என்னைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார் என்கிறார். என்னோடு வாழ்வதற்காகத் தரையும் கடலும் கடந்து பின்னால் வந்தவர் அவர். இப்போது நான் துக்கத்தில் இருக்கும்போது ஆறுதல் சொல்ல வராத அளவுக்கு அவர் மனம் கல்லாகிவிட்டதா என்ன?